மொழிபெயர்ப்பாளரின் முறை

அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"உங்கட பேரைக் கேக்கினம்."

நாற்காலியில் யாரும் இல்லை.

இன்று விசாரணை அவருக்குத்தான்.

அவருக்கே சிரிப்பு வந்தது. ஒரு மாதத்தில் வாய்விட்டுப் பேசிய முதல் தமிழ் அது.

நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோன படகிலிருந்து அறுபத்து மூன்று பேரை இந்தத் தீவில் இறக்கி ஐந்து வருடமாகிறது. தீவுக்குச் சொந்தக்கார நாடு, இவர்கள் எங்களுக்கு வேண்டாம் என்றது. பிறகு நாடுகள் கூடிப் பேசின. ஒரு நாடு பதினான்கு பேரை எடுத்தது. இன்னொன்று ஒன்பது. பிள்ளைகள் உள்ளவர்கள் முதலில், நோயாளிகள் அடுத்து. ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் என்பதால் எல்லோருடைய விசாரணையிலும் அவர்தான் உட்கார்ந்தார்.

பரிமாறுகிறவனுக்குக் கடைசிப் பந்திதானே.

இப்போது கூடாரங்கள் எல்லாம் காலி.

இந்தப் பெண்ணின் நாட்டில் ஓர் இடம் மிச்சம். ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று அவள் நம்பினால், அந்த இடம் அவருக்கு.

அவர் சொல்லத் தொடங்கினார்.

மூன்று பேர் வந்தார்கள். அம்மா தேநீர் கொடுத்தார். குடித்தார்கள். குவளைகளைக் கிணற்றடியில் தாங்களே கழுவிக் கவிழ்த்துவைத்தார்கள். பிறகு தம்பி குகநேசனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தேடிப் போனபோது, அடுத்தது நீதான் என்றார்கள்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

நாடுகள் ஆட்களைப் பங்குபோட்டுக்கொள்ளும்போது அவர்களுடைய வாக்குமூலங்களையும் பகிர்ந்துகொள்கின்றன. இது அவருக்குத் தெரியாது.

"கழுவிய குவளைகளும் குகநேசன் என்ற தம்பியின் பெயரும் சூசைதாசனின் வாக்குமூலத்திலும் இருக்கின்றன," என்றாள். "இது யார் வீட்டில் நடந்தது?"

சூசைதாசன், மூன்று பெண்பிள்ளைகளோடு படகேறிய மீனவர். விசாரணையில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. மனைவி ஏன் கூட வரவில்லை என்பதை அவரால் வாயால் சொல்ல முடியவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் தன் கதையை எடுத்து, சூசைதாசன் முன்பே தன்னிடம் சொன்னதாகச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் சூசைதாசன் கேட்டார்.

"நான் ஒண்டும் கதைக்கேல்லையே தம்பி. நீ என்ன இவ்வளவு நேரம் கதைச்சனீ?"

அந்தப் பிள்ளைகள் இப்போது பனி பெய்யும் ஓர் ஊரில் பள்ளிக்கூடம் போகிறார்கள். போன மாதம் படம் அனுப்பியிருந்தார்கள். கடைக்குட்டிக்கு முன்பல் விழுந்திருந்தது.

கதை தன்னுடையது என்றால், அங்கே அவர்களை மறுபடி கூப்பிட்டு விசாரிப்பார்கள்; திருப்பியும் அனுப்பலாம்.



"சூசைதாசன் வீட்டில்தான்," என்றார். "எல்லோருடைய கதையையும் சொல்லிச் சொல்லிக் குழம்பிவிட்டேன்."

அவள் கெட்டவள் இல்லை. தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அப்படியானால், உங்கள் தம்பி?"

குகநேசனுக்கு இந்த ஆவணியோடு முப்பது வயது. ஒரு நாளும் தலை வாரமாட்டான். சோற்றில் கறிவேப்பிலை கிடந்தால் அண்ணனின் தட்டில் எடுத்துப்போடுவான். அம்மாவும் போன வருடம் போய்விட்டார். அவனை நினைக்க இனி உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

"எனக்குத் தம்பி இல்லை," என்று அவர் தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்.