மொக்கைப் பென்சில்

பெயிண்ட் எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்று பார்க்க, மேலாளர் முன்னால் பிரவீனா பெயிண்ட் அடித்த தகட்டின் மேல் பென்சிலை அழுத்தித் தள்ளினாள். பெயிண்ட் கிழிந்தது. அடுத்தடுத்த தகடுகளுக்கும் அதே கதிதான்.

“ஓவன்ல சரியா வேகவெக்காம தூங்கிக்கினு இருந்தியா?” தகடுகளை ஓவனில் வைத்துச் சுடும் ஜான்சனைப் பார்த்து மேலாளர் உறுமினார். “நாளையிலருந்து வராதே.”

“சரியாத்தான் சார் வெச்சேன்” என்ற ஜான்சன், மாகறல் பஸ்ஸைப் பிடிக்கத் தலைகுனிந்து வெளியேறினான்.

பென்சில் பெட்டியை மூடும்போதுதான் பிரவீனா கவனித்தாள். அவள் உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கி வைத்திருந்த பென்சில் நுனிகள் ஊசியாக இருந்தன. ஊசிமுனை எந்தப் பெயிண்டையும் கிழிக்கும்.

“யாரு இதைச் சீவுனது?”

கூட்டிக்கொண்டிருந்த செல்லியம்மாள் நிமிர்ந்தாள். “நான்தாம்மா. மொக்கையா இருந்துது. என் புள்ள வேலைக்கு நீதான் மார்க்கு போடுவியாமே, நல்லா எழுதட்டும்னு சீவி வெச்சேன்.”

சோற்றுத்தூக்கை எடுத்தாள்.

“ஜான்சன் எங்கம்மா? சாப்புட வரலியே?”