குட்டைப் பின் போட்ட பிடி

நாற்காலிக் கடையில் குட்டையாக ஒரு ஸ்டேப்ளர் பின் இருந்தது. "உன் காலுக்கு எந்தப் பலகைடா பிடி கொடுக்கும்?" என்று பக்கத்திலிருந்த நெட்டைப் பின் ஒன்று தினமும் அதைக் கேலி செய்யும்.

அன்று மெல்லிய இருக்கைப் பலகையின் அடியில் தோலுறையை இழுத்து அடிக்க வேண்டியிருந்தது. நெட்டைப் பின் முந்திக்கொண்டு ஸ்டேப்ளர் துப்பாக்கிக்குள் ஏறியது. டப்! அதன் கால்கள் பலகையைத் துளைத்து, உட்காரும் பக்கம் முள்ளாக நீட்டிக்கொண்டு நின்றன. குறடு வந்து அதைப் பிடுங்கிப் போட்டது.

"நீ வாடா" என்று துப்பாக்கி குட்டைப் பின்னைக் கூப்பிட்டது.

"நான் தாங்குவேனாண்ணே?"

"இந்தப் பலகைக்கு உன் கால்தான் சரி. ஏறு!"

டப்! இரண்டு காலும் மரத்துக்குள் நச்சென்று இறங்கின. தோலுறை திமிறியது, குட்டைப் பின் விடவில்லை.

சாயங்காலம் கனத்த ஆசாமி ஒருவர் தொப்பென்று உட்கார்ந்தார். உறை இம்மியும் நகரவில்லை.

"புடிச்சுட்டேண்ணே! புடிச்சுட்டேன்!" என்று குட்டைப் பின் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது.