முதல் மாடிக்கு வழி

"மேல யாரும் இல்லைங்க. என்ன விஷயம்னு என்கிட்டயே சொல்லுங்க" என்றார் ஏட்டு.

மூக்குக்கண்ணாடி போட்டிருந்த அந்தக் கண்ணாடிக்காரர் மாடிப்படியில் வைத்த காலை எடுக்கவில்லை. பக்கத்துச் சுவரில் பெயர்ப்பலகை இருந்தது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் பொதுமக்கள் கண்காணிப்புக் குழு, முதல் மாடி. அதன் மேல் ஏட்டு தன் தொப்பியை மாட்டி வைத்திருந்ததால், 'முதல் மாடி' மட்டும்தான் கண்ணில் பட்டது.

வாடகை மிச்சமாகும் என்று நகரசபை அந்தக் குழுவைப் போன வருஷம் இந்தப் போலீஸ் ஸ்டேஷனின் மாடியிலேயே கொண்டு வந்து வைத்துவிட்டது. ஆக, யார் மீது புகாரோ அவர்களிடமே வழி கேட்டுக்கொண்டுதான் மேலே போக வேண்டும். இந்த யோசனை எந்த மகராசனுக்கு வந்ததோ!

"மேலதான் சொல்வேன்" என்றார் கண்ணாடிக்காரர். முதலில் அந்தக் குழுத் தலைவியிடம் சொல்ல வேண்டிய விஷயத்தை வழியில் நிற்பவரிடம் எப்படிச் சொல்வது?

ஏட்டு கோபப்படவே இல்லை. யாரையும் அதட்டுகிற ஆளும் இல்லை அவர். பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

அங்கே ஏற்கெனவே ஓர் ஆட்டோக்காரர் பவ்யமாக உட்கார்ந்திருந்தார். அவரும் மாடிக்குப் போக வந்தவர்தான். யார் மேல் புகார் என்று ஏட்டு அன்பாகக் கேட்டார்.

"உங்க மேலதாங்கய்யா. நேத்து வண்டிக் கண்ணாடியை லத்தியால உடைச்சீங்களே."

"நானா? சரி, சொல்லு. முழுசா சொல்லு, கேட்டுக்கறேன்" என்று ஏட்டு கன்னத்தில் கை வைத்துக் கேட்கத் தயாரானார். கண்ணாடி ஏற்கெனவே விரிசல் விட்டுத்தான் இருந்தது என்று ஆட்டோக்காரர் தானே ஒப்புக்கொண்டு, ஒரு கும்பிடும் போட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

"பார்த்தீங்களா? எல்லாம் கீழயே முடிஞ்சிடும். மேல அந்தம்மா பாவம், சும்மா ஈ ஓட்டிக்கிட்டு இருக்காங்க."

ஏட்டுக்கு ஊர்க்கதை பேசுவதில் குஷி. மாடி ஆபீஸின் ஆயுசு நாளையோடு சரி என்றார். வருஷம் முழுக்க ஒரு புகார்கூட வரவில்லையாம். ஒரே ஒரு புகார் பதிவாகியிருந்தாலும், அதை விசாரித்து முடிக்கும்வரை மூட முடியாதாம். அதுகூட இல்லாததால் நகரசபைக் கூட்டத்தில் நாளைக்கு இழுத்து மூடப் போகிறார்களாம்.

"ஏன் புகாரே வரலை?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"எங்களுக்கு அவ்வளவு நல்ல பேரு."

கண்ணாடிக்காரர் எழுந்து மறுபடி படிக்குப் போனார். ஏட்டு மறுபடி அழைத்து வந்து உட்கார வைத்தார். பேரைக் கேட்டார். அதையும் மேலதான் சொல்வேன் என்றதும் ஏட்டின் முகம் லேசாக மாறியது. பேரும் சொல்லாமல், வந்த காரியமும் சொல்லாமல் ஒருத்தர் ஸ்டேஷனுக்குள் சுற்றினால் சந்தேகம் வராதா? செல்போனை வாங்கி மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"அதைத்தானே நாங்களும் யோசிச்சுக்கிட்டு இருக்கோம்."

கண்ணாடிக்காரருக்குப் பயம் வந்தது. நல்ல சட்டை போட்டு, நாலு பேர் மதிக்க வாழ்கிற தனக்கே இந்தக் கதி என்றால், அந்த ஆட்டோக்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டரைக் கேட்டு வருவதாக ஏட்டு உள்ளே போனதுதான் தாமதம், மனிதர் இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஏறிவிட்டார்.

மேலே குழுத் தலைவி ஃபைல்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் ஆளைப் பார்த்ததும், "பாத்ரூம் கீழ இருக்குங்க" என்றார்.

"புகார் கொடுக்கணும்."

அந்த அம்மா பெட்டியில் போட்ட பேப்பரையும் பேனாவையும் அவசரமாகத் தேடி எடுத்தார். இவர் ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் போதும், ஆபீஸ் பிழைத்தது என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் ஒரு நிமிஷம் பேனாவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நல்லா யோசிச்சுக்குங்க. திரும்பிப் போகும்போதும் அவங்களைத் தாண்டித்தான் போகணும்."

"யோசிச்சாச்சு, கொடுங்க."

பெஞ்சில் உட்கார வைத்தது, செல்போனைப் பறித்தது, பெயர்ப்பலகை மேல் தொப்பி, ஆட்டோக்காரர் கதை என்று ஒன்றுவிடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைவி அதை ஆசை ஆசையாகப் படித்தார். இதை விசாரித்து முடிக்கும்வரை ஆபீஸ் இருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டவருக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது.

"இதெல்லாம் நீங்க இங்க வந்த அப்புறம் நடந்தது. முதல்ல எந்தப் புகாருக்காக வீட்டை விட்டுக் கிளம்பினீங்க? அதையும் எழுதிடுங்களேன்."

"அது புகார் இல்லைங்க" என்று அவர் நெளிந்தார். "நகரசபை நிதிக்குழுத் தலைவர் நான்தான்; புகாரே வராத ஆபீஸுக்கு எதுக்குத் தண்டச்செலவுன்னு, உங்ககிட்ட சொல்லிட்டுச் சாவியை வாங்கிட்டுப் போக வந்தேன்."