செலீனாவின் நீலத்துண்டு

“பதினொரு நிறம்தான் இருக்கு. என்ர நீலம் எங்க?”

செலீனா இதை மூன்றாவது தடவையாகக் கேட்டபோது ஜெனிற்றாவின் தையற்கடையில் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது.

அதுவரை தாழ்வுபாடு ஊரின் மாதர் சங்கத்துக்குக் கொண்டாட்டம்தான். கோயில் திருநாளுக்கு உறுப்பினர் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு நிறத்தில் சாறிச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் கொடுத்தது ஒன்றேகால் மீற்றர் துணி. மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைச் சேர்த்து ஒரு போர்வை தைத்து, திருநாள் ஏலத்தில் விடுவதென்று முடிவு. யோசனை சங்கத் தலைவி செலீனாவுடையது. அதைத் தினமும் நாலு பேருக்காவது ஞாபகப்படுத்தாமல் அவர் உறங்கியதில்லை.

போர்வையை விரித்ததும் கடை கலகலத்தது. ஆளாளுக்குத் தன் நிறத்தைத் தேடி விரல் வைத்தார்கள். ஒல்லி உடம்புக்காரி பிறின்சியின் மஞ்சள் மட்டும் நாலு இடத்தில் இருந்தது. துணி மிச்சம் பிடிக்கிற உடம்பு என்று பகிடி பண்ணினார்கள். இமெல்டா போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு கலியாணப் பொம்பிளை மாதிரிக் கடைக்குள் சுற்றி நடந்தார். மற்றவர்கள் பாட்டுப் படித்துக்கொண்டு பின்னால் போனார்கள். வெளியே கருவாட்டுக்குக் காவல் இருந்த மனிதர்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

செலீனா மட்டும் தேடிக்கொண்டே இருந்தார். போர்வையை மறுபக்கம் புரட்டினார். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

“நானும் ஒண்டேகால் மீற்றர்தானே தந்தனான்? எல்லாருக்கும் மிஞ்சினது எனக்கு மட்டும் மிஞ்சேல்லையோ?”

ஜெனிற்றா தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பி, ஒரேயொரு மெஷினோடு கடை போட்டு மூன்று வருடம். சங்கத்துத் தையல்தான் அவளுக்குப் பெரிய வேலை. அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் துணி கொண்டுவந்தார்கள். கை சுத்தம் என்ற பெயர் போனால் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

“வெட்டேக்க பிழை விட்டிட்டன், அக்கா,” என்றாள் மெதுவாக. “கன துணி வீணாப் போச்சு.”

அப்படியானால் வீணான துண்டுகள் எங்கே என்றார் செலீனா. குப்பையில் போட்டுவிட்டாளாம். எந்தக் குப்பையில்? ஜெனிற்றா குனிந்து தரையில் கிடந்த நூல்களைப் பொறுக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இமெல்டா போர்வையைத் தலையிலிருந்து இறக்கி, தன்னுடைய ரோசாத் துண்டுகளை மெல்ல எண்ணத் தொடங்கினார்.

அந்த நீலத்தில் யாருடைய பிள்ளை புதுச்சட்டை போடப்போகுதோ என்று செலீனா சுவரைப் பார்த்துக் கேட்டார். அடுத்த திருநாளுக்கு உப்புக்குளம் பக்கம் வேறு தையல்காரி பார்க்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். ஜெனிற்றா நீலச் சட்டையை மடித்து அவரிடம் நீட்டினாள்.

“சட்டையாவது சரியோ எண்டு பாப்பம்,” என்று அதைப் பறித்துக்கொண்டு செலீனா திரைச்சீலைக்குப் பின்னால் போனார்.

வெளியே வந்தது வேறு செலீனா. கண்ணாடி முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார். கையைத் தூக்கினார், இறக்கினார். எங்கேயும் இறுக்கமில்லை. முகமெல்லாம் பல்.

“பாத்தீங்களே? பத்து வருசத்துக்கு முந்தித் தைச்ச சட்டையத்தான் அளவுக்குக் குடுத்தனான். அளவு நாடா பிடிக்கவே இவளை விடேல்லை. அச்சு அப்பிடியே இருக்கு. நீங்களெல்லாம்தான் ஊதிப்போனீங்கள்.”

அந்தச் சந்தோசத்தில் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. சங்கத்துத் தையல் இனியும் இவளிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பு வந்தது. தண்டனையாக, திருநாளுக்கென்று தனக்கு வாங்கி வைத்திருக்கும் துணியில் வெட்டி, நீலம் இருக்கவேண்டிய இடத்தை ஜெனிற்றா நிரப்ப வேண்டும்.

“களவெடுத்த கையெண்டாலும் நல்ல கை,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, செலீனா புதுச்சட்டையோடேயே புருசனின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

ஜெனிற்றா தன்னுடைய பச்சைத் துணியை எடுத்துக் கத்தரியை வைத்தாள். தனக்குக் கட்டைக் கை வைத்த சட்டை போதும் என்றாள். பிறின்சிக்குத்தான் பொறுக்கவில்லை. மற்றவர்கள் போகும்வரை இருந்து, அவளுடைய கையைப் பிடித்தார்.

“நீ களவெடுக்கிற ஆளில்லை. உண்மையைச் சொல்லு பிள்ளை, அந்த நீலம் எங்க போனது?”

ஜெனிற்றா வாசலை எட்டிப் பார்த்தாள். மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கியிருந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்து, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“அவ்வளவு பேருக்கு முன்னால எப்பிடியக்கா சொல்லுறது? அந்தப் பழைய சட்டையின்ர அளவுக்கு வெட்டியிருந்தா நீலத்துண்டு மிஞ்சியிருக்கும். சட்டைக்குள்ள செலீனா அக்காதான் போயிருக்க மாட்டா.”