லாயத்தில் நடந்தது

துபாய் சத்வாவில் குடியிருந்த பத்மநாபன், ஒரு பிரெஞ்சு இன்ஜினியரிடம் டிராஃப்ட்ஸ்மேனாக வேலை பார்த்தார். இன்ஜினியர் தன் ஊர்ப் பண்ணை வீட்டைப் புதுப்பித்து விலைக்கு விட்டிருந்தார். வாங்க வருபவர்களுக்குக் காட்டுவதற்காக வீடு, தோட்டம், குதிரை லாயம் எல்லாவற்றையும் புகைப்படங்களைப் பார்த்தே பத்மநாபன்தான் வரைந்து கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, சிநேகிதர் சேதுமாதவன் வீட்டு விருந்தில், ஆளாளுக்குத் தாங்கள் பார்த்த தேசங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்மநாபனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"போன லீவுல அந்தப் பண்ணை வீட்லதான் தங்கினேன். குதிரைக்குப் புல்லு போடறதுதான் என் டியூட்டி!" என்று அளந்துவிட்டார்.

அந்த லீவு முழுக்க அவர் சத்வாவில் காய்ச்சலோடு படுத்திருந்தார். கஞ்சி வைத்துக் கொடுத்த மனைவி ராதா தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த மாத விருந்துக்கு, ஊருக்குப் போய்த் திரும்பியிருந்த இன்ஜினியரும் வந்தார்.

"சார், உங்க வீட்ல தங்கினதைப் பத்மநாபன் சொன்னார்" என்று சேதுமாதவன் ஆரம்பித்தார்.



இன்ஜினியர் சிரிக்கவில்லை. "வீட்டை விற்றாகிவிட்டது, பத்மநாபன். லாயத்தில் நடந்ததற்காக உங்களை மன்னித்துவிட்டதாக, அங்கே இருந்த என் அம்மா சொல்லச் சொன்னாள்" என்றார்.

எல்லாரும் பத்மநாபனையே பார்த்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டால், அங்கே போகவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ராதா இரண்டடி தள்ளியே நடந்து வந்தாள். அந்த லீவு முழுக்கக் கஞ்சி வைத்துக் கொடுத்தவளே கதவருகே நின்று கேட்டாள்:

"அங்க என்னங்க பண்ணீங்க?"