நாலு பக்கமும் காற்று

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் ஓடும் அறையைத்தான் வாட்ச்மேன் குடும்பத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. லிஃப்ட் வேகம் குறைந்து நிற்கும்போதெல்லாம் அந்த வேகம் முழுக்க, சுவரில் மாட்டிய கம்பிவலைப் பெட்டி ஒன்றில் சூடாக இறங்கும். எல்லாரும் வேலைக்குக் கிளம்பும் காலை வேளையில் பெட்டி தணலாய்த் தகிக்கும். வாட்ச்மேன் மனைவி பூவாயியின் கைக்குழந்தை தூளியில் வேர்த்து நனையும்.

மழை விடாத ஒரு நாள், குழந்தையின் துணிகளை அந்தப் பெட்டிமேல் உலர்த்தினாள். துணி கருகி, பெட்டியும் எரிந்து, லிஃப்ட் நின்றுபோனது.

"இதுக்குத்தான் உங்களுக்கு இடம் குடுத்தோமா?" என்று சங்கச் செயலாளர் கத்தினார்.

புதுப் பெட்டியோடு வந்த மெக்கானிக் சவரிமுத்து குறுக்கிட்டார். "துணி மேலயே பழி போடாதீங்க சார். பழசு இந்த லிஃப்டுக்குப் பத்தாது. இது பெருசு. ஆனா இப்படி அடைச்ச ரூம்ல வெச்சா இதுவும் வெந்துதான் போகும்."

"அப்ப முதல்ல அதை வெளியே மாத்துங்க. மழை படாம மேல தகரமும் போட்டுடுங்க," என்றார் செயலாளர், கொஞ்சமும் யோசிக்காமல்.

பெட்டி வெளிச்சுவருக்குப் போனது. அறைக்குள், பெட்டி இருந்த இடத்துக்கு மேலே சுவரில் பதித்திருந்த பழைய எச்சரிக்கைத் தகட்டைக் கழற்ற சவரிமுத்து திருப்புளியை எடுத்தார். பூவாயி எழுத்துக்கூட்டிப் படித்தாள்: 'அடைத்த இடத்தில் வைக்காதீர். நாலு பக்கமும் காற்று வேண்டும்.'

"அது அங்கயே இருக்கட்டும்ண்ணே," என்றாள்.

பிறகு தூளியை அவிழ்த்து வந்து, தகட்டுக்குக் கீழே, பழைய பெட்டியைத் தாங்கியிருந்து இப்போது காலியாக நின்ற இரும்புச் சட்டத்தில் கட்டினாள். கீழே யாரோ பொத்தானை அழுத்த, அறைக்குள் மோட்டார் மறுபடி உறுமியது.