பதினேழாம் எண்

பதினேழாவது பெயரைக் கூப்பிட்டபோது பதில் வரவில்லை.

கொளஞ்சியம்மாள் என்று இன்னொரு முறை கூப்பிட்டேன். மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

எழுபத்தெட்டாம் வருஷம், ஞாயிற்றுக்கிழமை. விருத்தாசலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கி, தபால் வழியே எம்.ஏ. தமிழ் படிக்கிறவர்களுக்கு நேர்முக வகுப்பு. வாத்தியார் வேலையில் எனக்கு அதுதான் முதல் நாள். நான் தேறுவேனா என்று பார்க்கக் கடைசி பெஞ்சில் பேராசிரியர் தங்கராசு உட்கார்ந்திருந்தார்.

மாணவர்கள் எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடுகிறவர். திட்டக்குடி தபால்காரர். மடியில் கைக்குழந்தையோடு ஜெரினா. வேலையும் குடும்பமும் இருப்பதால், இரண்டு வருஷப் படிப்பை முடிக்க இவர்களுக்கு ஐந்து வருஷம் வரை அவகாசம் உண்டு.

பதிவேட்டில் பதினேழுக்கு நேரே எழுதியிருந்தது: வயது நாற்பத்தாறு. பீங்கான் கம்பெனியில் வேலை. ஐந்தாம் வருஷம்.

இன்று வருகை பதிவாகாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. அடுத்த வருஷம் என்று ஒன்றும் கிடையாது.

கடைசிப் பெயரைக் கூப்பிட்டதும் பதிவேட்டை மூடிவிட வேண்டும். அது விதி. ஆனால் எவ்வளவு வேகமாகக் கூப்பிட வேண்டும் என்று விதி எதுவும் சொல்லவில்லை.

பதினெட்டாம் எண்காரரிடம் ஊர் எது என்று கேட்டேன். இருபத்திரண்டிடம் பஸ்ஸில் கூட்டமா என்றேன். ஜெரினாவின் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்றுகூட விசாரித்தேன். பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

கடைசி எண் நாற்பத்தொன்று, பச்சமுத்து. அவர் எழுந்து உள்ளேன் என்றார். இருந்த கேள்வியெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அவருடைய பெயர் நன்றாக இருக்கிறது என்றேன்.

பச்சமுத்து வெட்கத்தோடு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மூச்சு வாங்க ஒரு பெண் ஓடி வந்து நின்றார். நகக்கண்ணெல்லாம் வெள்ளைக் களிமண். ஒரு கையில் நோட்டு, மறு கையில் டிபன் கேரியர். பதினேழு, உள்ளேன் என்றார்.

பதிவேடு இன்னும் திறந்துதான் இருந்தது. டிக் போட்டேன்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். தாமதத்துக்குக் காரணம் கேட்காமல் விட முடியவில்லை. கேட்டேன்.

"எம் பொண்ணு இன்னைக்குத்தாங்க மொத நாள் வேலைக்குப் போவுது. பயத்துல சாப்புடாமலே கௌம்பிடுச்சி. இட்லி கட்டிக்கிட்டு ஓடியாறதுக்குள்ள பஸ்ஸு பூட்டுதுங்க."

வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்துவிட்டார். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, தேவைக்கு மேல் நிதானமாகத் தேதி எழுதினேன்.

மத்தியானம் பேராசிரியர் ஆசிரியர் அறைக்குள் வந்தபோது நான் நாலாவது இட்லியில் இருந்தேன். மிளகாய்ப்பொடியில் அம்மா எண்ணெயைத் தாராளமாகவே ஊற்றியிருந்தாள்.

அவர் கேரியரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே ஜெரினாவின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த பதினேழாம் எண்ணைப் பார்த்தார்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கும் இரண்டு வைக்கச் சொன்னார்.